இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய இரும்பு

மழை விட்டிருந்தது. தகரக் கூரையின் விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் பட்டறையில் எந்த இயந்திரமும் ஓடவில்லை. நான் மூன்றாவது கர்டருக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து டிபன் பாத்திரத்தைத் திறந்தேன். சூடு ஆறாத சோறு, கீரைப் பொரியல், ஒரு துண்டு வறுத்த கெம்போங் மீன்.

கர்டர் என்றால் பாலத்தின் தளத்தைத் தாங்கும் நீளமான இரும்பு உத்தரம். ஒன்றின் நீளம் எங்கள் பட்டறையின் பாதி இருக்கும். நான்கு கர்டர்கள் செய்ய வேண்டியிருந்தது. முதல் இரண்டும் அன்று காலைதான் லோரியில் ஏறிப் போயிருந்தன.

முதல் கவளத்தை எடுத்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தமில்லை. விரலைச் சொடுக்கினால் வருமே, அவ்வளவுதான். கர்டருக்கு உள்ளே, எனக்கு இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில். பக்கத்தில் யாரும் இல்லை. மேலிருந்து எதுவும் விழவும் இல்லை.

எதிரே குந்தியிருந்த வேலு அண்ணன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

“என்ன அண்ணே அது?”

“இரும்புதானே. சூட்டுல நீளும், குளுந்தா சுருங்கும். சில நேரம் பேசும்லா. நீ சாப்பிடு.”

அது குளிர்ந்து இரண்டு நாள் ஆகிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை வெல்டிங் செய்தவரே அவர்தான். நான் சாப்பிட்டேன். அவர் கோப்பியை மறுபடி எடுக்கவில்லை. கர்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்திலிருந்து பட்டறைக்கு

நான் டைப் பழகிய கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். ஒரு பெண்பிள்ளை இரும்புப் பட்டறைக்குள் எப்படி நுழைந்தாள் என்று தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம். நான் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த வருடம் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த துண்டை வாங்கியவருக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா தம்பிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வெளியே ஒரு பலகை வீட்டுக்குக் குடிபோனார்.

அந்தத் தோட்டத்தைப் பற்றி ஏங்கி எழுத என்னிடம் எதுவுமில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். லயத்துக்கும் ரப்பர் பால் ஊற்றும் ஸ்டோருக்கும் நடுவே ஓர் ஆறு. அதன்மேல் கம்பியில் தொங்கும் பலகைப் பாலம். தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க அம்மா அதில்தான் போய் வருவார். ஒருநாள் ஒரு கம்பி அறுந்தது. மூன்று பெண்கள் வாளியோடு தண்ணீரில் விழுந்தார்கள். ஒருத்திக்கு இடுப்பு போயிற்று.

மறுநாள் எங்களை மேய்க்கும் மண்டோர் லயத்துக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, “பாலத்துல யாரு ஆட்டி ஆட்டி நடந்தது?”

கம்பி எத்தனை வருடம் துருப்பிடித்துக் கிடந்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆடாமல் அந்தப் பாலத்தில் நடக்கவே முடியாது. இருந்தாலும் அன்று முழுக்க லயத்தில் யார் ஆட்டினார்கள் என்றுதான் பேசினோம்.

வேலு அண்ணன் எங்கள் லயத்தில் கடைசி வீடு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பே ஈப்போவுக்குப் போய் வெல்டிங் பழகி, அங்கேயே சிலிபினில் வீடு எடுத்துக் குடியிருந்தார். அவர் மனைவி பாக்கியம் அக்கா. தான் வேலை செய்த பட்டறை ஆபீசில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் வேலு அண்ணன் சுங்கை சிப்புட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார்.

“எங்க வீட்டுலயே இருக்கட்டும் அத்தை. பாக்கியத்துக்கும் ஒரு துணையா இருக்கும். பயப்படாதீங்க.”

அப்படித்தான் போனேன். அவர்கள் வீட்டு முன்னறையில் நான்கு வருடம் இருந்தேன். ஒருநாள் கூட என்னை அந்நியமாக வைத்துச் சோறு போட்டதில்லை.

பட்டறையில் சோதனை அறை என்று ஒன்று உண்டு. வெல்டிங் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதும் இடம். அதன் தலைவர் மிஸ்டர் சோங், கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். அவருடைய கையெழுத்தைப் படிக்க என்னால் மட்டும்தான் முடிந்தது. அதனால் என்னை அங்கே மாற்றினார்கள். டைப் அடித்த நேரம் போக அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பேன். போகப் போக நானே சின்னச் சோதனைகளைச் செய்யப் பழகிக்கொண்டேன். பட்டறை ஆட்கள் என்னைக் கிண்டலாகக் ‘கிராணியம்மா’ என்பார்கள். கிராணி என்றால் குமாஸ்தா.

கோபக்கார இரும்பு

அதுவரை நாங்கள் பார்த்த இரும்பு சாதாரண இரும்பு. தொழிற்சாலைக் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஈயச் சுரங்கத்துக் கன்வேயர் தூண் எல்லாம் அதில்தான் செய்தோம். மழையில் நனைந்த வெல்டிங் குச்சியால் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும்.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஓர் ஆற்றுக்குப் பாலம் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்தபோதுதான் அந்தப் புது இரும்பு வந்தது. கப்பலில் வந்த தகடுகள். ஓரத்தில் மஞ்சள் சாயம் அடித்திருந்தது. பழைய இரும்பைவிட இதற்குப் பலம் அதிகம் என்றார்கள். பலம் கூடுதலாக இருப்பதால் தகட்டின் கனத்தைக் குறைக்கலாம். கனம் குறைந்தால் பாலத்தை இன்னும் நீளமாக இழுக்கலாம். ஆற்றுக்கு நடுவே தூண் நட வேண்டிய இடம் குறையும். அந்தச் சேற்று ஆற்றில் தூண் இறக்குவது பெரும்பாடு என்பதால் அது பெரிய விஷயம்.

அதைப் பற்றி விளக்கிச் சொல்ல பாலத்து இன்ஜினியர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். மிஸ்டர் நாகப்பன். செட்டிநாட்டுக் குடும்பம், வெளிநாட்டில் படித்தவர். கை மடித்த சட்டை, காலில் பளபளப்பான சப்பாத்து. எங்களிடம் தமிழில்தான் பேசினார். ஆனால் அவர் தமிழும் எங்கள் தமிழும் வேறாக இருந்தன. அவர் “வாருங்கள்” என்றால் எங்கள் ஆட்கள் பின்னால் திரும்பி யாரையோ கூப்பிடுகிறார் என்று பார்ப்பார்கள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

வெல்டிங் குச்சியின் மேல்பூச்சில் ஈரம் இருந்தால், ஒட்டும்போது அந்த ஈரத்திலிருந்து ஒரு வாயு உருகிய இரும்புக்குள் போய்விடும். பழைய இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். புது இரும்பு பொறுக்காது. ஆனால் உடனே காட்டிக்கொள்ளவும் செய்யாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, எல்லாம் குளிர்ந்து, எல்லோரும் மறந்த பிறகு, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்போடு பாலத்தில் ஏற்றினால் அது வளரும்.

அதனால் மூன்று விதி. ஒட்டுவதற்கு முன் தகட்டை நெருப்பு காட்டிச் சூடாக்க வேண்டும். குச்சிகளை எப்போதும் சூடான அடுப்புப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்க வேண்டும். ஒட்டி முடித்து இரண்டு முழு நாள் காத்திருந்த பிறகுதான் சோதிக்க வேண்டும்.

“இந்த இரண்டு நாளை யாரும் குறைக்கக் கூடாது,” என்று மிஸ்டர் சோங்கைப் பார்த்துச் சொன்னார். மிஸ்டர் சோங் தலையாட்டினார்.

அவர் போன பிறகு வேலு அண்ணன் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “கோபக்கார இரும்புலா இது. உள்ளுக்குள்ளயே வச்சிருந்து அப்புறம் காட்டும்.”

அந்த வேலையைச் செய்ய நான்கு பேருக்குப் பரீட்சை வைத்தார்கள். தேறியவர்கள் இரண்டு பேர். முதலாவதாகத் தேறியவர் வேலு அண்ணன். அவர் படம் ஒட்டிய ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். பாக்கியம் அக்கா அதைச் சாமி மாடத்தில் வைத்து மஞ்சள் தடவிவிட்டார். மஞ்சள் பட்டுப் படத்தில் அவருடைய ஒரு காது மறைந்துபோனது.

சோறு சூடாக இருந்தது ஏன்

முதல் வாரம் மூன்று விதியையும் பிசகாமல் கடைப்பிடித்தோம்.

பட்டறையில் குச்சி வைக்கும் அடுப்பு ஒன்றுதான் இருந்தது. உயரமான இரும்புப் பெட்டி, உள்ளே தட்டுகள், எந்நேரமும் சூடு. மழைக்காலம் வேறு. காலையில் கட்டிக்கொண்டு வரும் சோறு மதியத்துக்குள் விறைத்துவிடும். யார் முதலில் செய்தார்கள் என்று தெரியாது. ஒருநாள் பார்த்தால் அடுப்பின் கீழ்த்தட்டில் இரண்டு டிபன் இருந்தது. அடுத்த வாரம் பத்து. சோற்றின் ஆவி, குழம்பின் ஆவி, கடையில் பொட்டலமாகத் தாப்பாவ் வாங்கி வந்த மீ சூப்பின் ஆவி எல்லாம் குச்சிகள் இருந்த அதே பெட்டிக்குள்.

என் டிபனும் அதில் இருந்தது. தினமும் இருந்தது. ஈரத்தைப் பற்றி மிஸ்டர் நாகப்பன் சொன்னதைச் சுத்தமாக டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவள் நான்தான். ஒட்டிய சுவருக்கு நேர் எதிரே அடுப்பு.

இரண்டு நாள் விதி போன விதம் வேறு. மேனேஜருக்கு அவசரம். லோரிக்கும் பாரந்தூக்கிக்கும் முன்கூட்டியே நாள் குறித்தாயிற்று. மிஸ்டர் சோங்கைக் கூப்பிட்டுப் பேசினார். கதவு மூடியிருந்தது. வெளியே வந்த மிஸ்டர் சோங் நேரே தன் மேசைக்குப் போனார். அடுத்த கர்டரை, ஒட்டி முடித்த மறுநாள் காலையிலேயே சோதித்தார். கருவியில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதுதான், வெடிக்க வேண்டியது இன்னும் வெடிக்கவில்லையே.

அறிக்கைக் குறிப்பில் சோதித்த தேதியை ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தார்.

“மிஸ்டர் சோங், தேதி தப்பா இருக்கே,” என்றேன் மலாயில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதியபடி அடி, சரோஜா.”

அடித்தேன். மீதி மூன்று கர்டருக்கும் அப்படித்தான் அடித்தேன்.

கறுப்புக் கோடு

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

சத்தம் கேட்ட பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஐந்து மணிக்கு மிஸ்டர் சோங் கிளம்பியதும் அலமாரியைத் திறந்து காந்தக் கருவியையும் வெள்ளைச் சாயத்தையும் கருந்தூள் புட்டியையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது கர்டருக்குப் போனேன்.

இது எளிய சோதனைதான். இரும்பின்மேல் வெள்ளைச் சாயம் பூசி, காந்தத்தை வைத்து, இரும்புத்தூள் கலந்த கறுப்புத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் தூள் ஓடிப்போய் அங்கே சேரும். இல்லையென்றால் வழிந்து போய்விடும்.

சத்தம் வந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. தெளித்தேன். வழிந்தது. கொஞ்சம் தள்ளித் தெளித்தேன். வழிந்தது. மூன்றாம் முறை வழியவில்லை. வெல்டிங் தழும்புக்குப் பக்கத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒரு கறுப்புக் கோடு நின்றது. மை தொட்டு வரைந்தது போல அவ்வளவு மெல்லிசாக.

பின்னால் வேலு அண்ணன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

“தொடைச்சிட்டு மறுபடி போடு,” என்றார்.

துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கோடு.

அவர் உட்கார்ந்துவிட்டார். கை உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. இது வெளியே தெரிந்தால் முதலில் போவது அவருடைய அட்டை. யாருக்கும் சொல்லாமல் சாயத்தைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். அதை நான் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார்.

“நாலாவதுலயும் பாரு,” என்றார் கடைசியில்.

நாலாவதில் இரண்டு கோடு இருந்தது.

“அப்ப போன ரெண்டுலயும் இருக்கும்,” என்றார். அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு அவர் போனார். நான் கூடப் போனேன், ஆனால் கதவோரம்தான் நின்றேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. இங்கே இருக்கும் இரண்டிலும் வெடித்த இடத்தை ராவி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னார்.

“போன ரெண்டு, போஸ்?”

“அது இனி சைட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. சோதனை அறிக்கை சுத்தமாக இருக்கிறது. உன் வாயையும் சுத்தமாக வைத்துக்கொள்.”

சனிக்கிழமை அந்த இரண்டையும் தூக்கி ஆற்றின்மேல் வைப்பதாக இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வேலு அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தக் காந்தம், மருந்தெல்லாம் ஒரு நாளைக்கு எடுத்துத் தர முடியுமா?”

“நானும் வாரேன் அண்ணே.”

“நீ வேணாம். உனக்குத் தம்பிங்க படிக்கிறானுங்க. நான் போய்ட்டு வாரேன்.”

வற்புறுத்திச் சொல்லியிருந்தால் கூட்டிப் போயிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஆற்றங்கரையில்

வெள்ளிக்கிழமை உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, சாக்குப் பையில் கருவிகளைக் கட்டி, தன் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனார். தெலுக் அன்சன் வழியாக. அப்போது அந்த ஊருக்கு அதுதான் பெயர். வழியெல்லாம் மழை. பையை நனையவிடாமல் வயிற்றுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னார், ஒரே ஒருமுறை.

கர்டர்கள் ஆற்றங்கரையில் கட்டைகளின்மேல் கிடந்தன. மறுநாள் தூக்குவதற்காகச் சங்கிலி மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்டர் நாகப்பன் குடைக்குக் கீழே நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலு அண்ணனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஐயா, இதை ஒட்டினவன் நான்தான். இதைத் தூக்காதீங்க.”

“ஏன்?”

“பட்டறையில இருக்கற ரெண்டுலயும் வெடிச்சிருக்கு. இதுலயும் இருக்கும். சாமான் கொண்டாந்திருக்கேன், பார்த்துக்குங்க.”

“அறிக்கை சரியாக இருக்கிறதே?”

“அறிக்கை எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா. ஒட்டத்தான் தெரியும்.”

மழை நிற்கும் வரை காத்திருந்து, துணியால் ஈரம் துடைத்து, மிஸ்டர் நாகப்பனே மண்டியிட்டுச் சாயம் பூசினாராம். சேற்றில் அவருடைய நல்ல கால்சட்டை பாழாகிவிட்டது. முதல் கர்டரில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், நடு இணைப்பில், ஒரு சாண் நீளத்துக்குக் கோடு நின்றது.

“சாணுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்,” என்றார் வேலு அண்ணன். “அவரு அதைப் பார்த்துட்டு, கீழ வேலை செஞ்சிட்டிருந்த ஆளுங்களைப் பார்த்தாரு. பன்னிரண்டு பேரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. எனக்குக் கோப்பி வாங்கியாரச் சொன்னாரு.”

சனிக்கிழமை கர்டரைத் தூக்கவில்லை. அறிக்கையின் தேதியைப் பற்றியோ என்னைப் பற்றியோ வேலு அண்ணன் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழி போன திசை

அடுத்த வாரம் முழுக்கப் பட்டறையில் கார்கள் வந்து வந்து போயின. நான்கு கர்டரையும் பாலத்துக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். புதிதாகச் செய்து தர வேண்டும், காரணமும் எழுத்தில் தர வேண்டும் என்றார்கள்.

மேனேஜருக்குக் காரணம் தேவைப்பட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த பேச்சைக் காரணமாக எழுத முடியாது. ஒரே அடுப்புதான் வாங்கியிருந்தோம் என்றும் எழுத முடியாது. ஒரு வெல்டர் குச்சிகளை வெளியே போட்டு வைத்திருந்தார், தகட்டைச் சரியாகச் சூடாக்கவில்லை, மேலதிகாரியிடம் மறைத்தார் என்று எழுதலாம். ஆளை நீக்கிவிட்டோம், இனி நடக்காது என்று முடிக்கலாம். அப்படி எழுதினால் பாலத்து வேலையும் கையைவிட்டுப் போகாது.

அந்த விளக்கத்தோடு, வேலு அண்ணனை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தையும் வியாழக்கிழமை மதியம் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆபீசில் மற்ற டைப்பிஸ்ட் அன்று விடுப்பு. நான் மிஸ்டர் சோங்கைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடித்தேன். இரண்டு பிரதி. ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போய்விட்டார். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் படிந்த அந்த அட்டை கொஞ்ச நாள் எங்கள் அறையில் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது.

அதற்குப் பிறகு பட்டறை திருந்தியது. இரண்டாவது அடுப்பு வந்தது. அதற்குப் பூட்டு வந்தது. இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான் என்று ஆனது. புதுக் கர்டர்கள் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. அந்தப் புது இரும்பில் பிறகு எத்தனையோ செய்தோம். பாலங்கள், பெரிய மண்டபக் கூரைகள், பழைய இரும்பில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நீளத்தில். இரும்பின்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. நானும் பரீட்சை எழுதி முறையான சோதனையாளர் ஆனேன். மிஸ்டர் சோங் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வேலு அண்ணன் வீட்டை விட்டுச் சில மாதங்களில் வெளியேறினேன். பஸ் வசதியாக இல்லை என்று காரணம் சொன்னேன். பாக்கியம் அக்கா நம்பியது போலத்தான் இருந்தது.

நாகப்பன் எழுதியது

எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்தது. ஈயச் சுரங்கங்களை நம்பியிருந்த ஈப்போவே இருண்டது போலாயிற்று. எங்கள் பட்டறையும் மூடப்பட்டது. கடைசி வாரம் பழைய கோப்புகளை எரிக்க வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் பிரிக்கும் வேலை எனக்கு.

பாலத்துக் கோப்பின் அடியில், அறிக்கைகளுக்கு நடுவே செருகி, மிஸ்டர் நாகப்பனின் கடிதம் இருந்தது. கையால் எழுதியது. மேனேஜருக்கு எழுதியது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

உங்கள் வெல்டர் அன்று வராமல் இருந்திருந்தால் மறுநாள் அந்த உத்தரத்தின் கீழே நானே என் ஆட்களை நிறுத்தியிருப்பேன், புது உத்தரங்களையும் அவரே ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், வேறு யாரையும் நான் ஏற்கத் தயாரில்லை என்று எழுதியிருந்தார். தேதி, திங்கள்கிழமை. வேலு அண்ணனை நீக்கியதற்கு நான்கு நாள் முன்பு.

அதை எடுத்துக்கொண்டு சிலிபினுக்குப் போனேன்.

அட்டை இல்லாமல் எந்தப் பெரிய பட்டறையும் வேலு அண்ணனை எடுக்கவில்லை. கடை வரிசையின் பின்சந்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஜன்னல் கம்பியும் வாசல் கேட்டும் செய்துகொண்டிருந்தார். பூப்போட்ட ஜன்னல் கம்பி. பட்டறையில் கர்டர் தகட்டை ஒட்டிய கை, விரல் கன முறுக்குக் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது.

“வா சரோஜா. சாப்டியா? பாக்கியம், யாரு வந்திருக்கா பாரு.”

கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், “தேதி என்ன போட்டிருக்கு?” என்றார்.

சொன்னேன்.

“அப்ப மேனேஜர் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்,” என்றார். அவ்வளவுதான். பாக்கியம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தனை வருடம் சொல்லாததை அன்று சொல்லிவிட வேண்டும் என்று போயிருந்தேன். அறிக்கைத் தேதியைச் சொன்னேன். அடுப்பில் என் டிபனும் இருந்ததைச் சொன்னேன். அவரை நீக்கிய கடிதத்தை அடித்தது நான்தான் என்றும் சொன்னேன்.

“தெரியும்லா,” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“ஆபீஸ் லெட்டருக்குக் கீழ, ஓரத்துல, அடிச்ச ஆளோட பேர் எழுத்து ரெண்டு சின்னதா போடுவாங்கள்ல. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. இது யாரு எழுத்துன்னு அவரு கேட்டாரு. தெரியலைன்னு சொல்லிட்டேன்.”

“அண்ணே...”

“அடிச்சதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. உனக்கு வேலை அது. நீ அடிக்கலைன்னா வேற ஆளு அடிப்பாங்க.” கம்பியைத் திருப்பி வைத்தார். “லெட்டர் எனக்கு வந்தது வெள்ளிக்கிழமை காலையில. மேல போட்டிருந்தது வியாழக்கிழமைத் தேதி. வியாழக்கிழமை சாயங்காலம் நீ எங்க வீட்டுலதானே சாப்பிட்ட. என் பக்கத்துலதானே உக்காந்திருந்த. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே காலையில போகாம இருந்திருப்பேன். எல்லார் முன்னாடியும் வாங்கியிருக்க மாட்டேன்.”

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் நான் திரும்பி நின்றேன்.

அவர் சொன்னது உண்மை. இந்தத் தொடரில் இதுவரை எழுதாமல் வைத்திருந்ததும் அதுதான். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் புளி ரசமும் நெத்திலி சம்பாலும். வேலு அண்ணன் புதுக் கர்டர்களை எப்படி ஒட்டப் போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் அக்கா இரண்டாவது முறை சோற்றுக் கரண்டியோடு வந்தபோது, நான் தட்டை நீட்டினேன்.